பொட்டு வைக்க ஓர் இடம்

திருப்பூரில் கேமரா செய்கிறவர் என்று சொன்னால், கல்யாண வீட்டில் படம் எடுக்கிற ஆளைத்தான் நினைத்துக்கொள்வார்கள். பொங்கியண்ணன் செய்த கேமராவில் ஒரு படமும் விழாது. நிட்டிங் மிஷினில் பெரிய குழாய் மாதிரி துணி சுற்றிக்கொண்டே கீழே இறங்குகிறதே, அதற்கு எதிரில் ஒரு கம்பியில் இதை மாட்டிவிட வேண்டும். அது கண் கொட்டாமல் துணியையே பார்த்துக்கொண்டிருக்கும். ஊசி உடைந்து கோடு விழுந்தாலோ, நூல் அறுந்து ஓட்டை விழுந்தாலோ, அந்த நொடியே மிஷினை நிறுத்திச் சிவப்பு விளக்கைப் போட்டுவிடும். அவ்வளவுதான் அதன் உத்தியோகம். அதனால் அவருக்கு ஓட்டைக் கேமராக்காரர் என்று பெயர். முதலிபாளையம் தொழிற்பேட்டையில் மகள் பெயரைப் போட்டு ‘வர்ஷினி எலக்ட்ரானிக்ஸ்’ என்று பெரிய பலகை மாட்டியிருந்தார். அந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டால் பக்கத்து ஷெட்காரருக்கே தெரியாது.

காங்கேயம் பக்கம் பிறந்து, பாலிடெக்னிக்கில் படித்து, வெளிநாட்டு நிட்டிங் மிஷின் விற்கிற ஏஜென்சி ஒன்றில் சர்வீஸ் வேலை பார்த்தவர். வெளிநாட்டிலிருந்து இப்படிப்பட்ட கேமராக்கள் அப்போதே வந்துகொண்டிருந்தன. ஆனால் அவற்றின் விலையைக் கேட்டால் பெரிய கம்பெனிக்காரர்களே தண்ணீர் கேட்பார்கள். கூலிக்குத் துணி ஓட்டிக் கொடுக்கிற சின்ன ஆட்களுக்கு அது எட்டாது. நாமே செய்தால் என்ன என்று பொங்கியண்ணனுக்குத் தோன்றியது. தோன்றியதோடு நிற்காமல் வேலையையும் விட்டுவிட்டார். வீட்டில் ஒரு வாரம் யாரும் அவரோடு முகம் கொடுத்துப் பேசவில்லை.

செய்த கேமராவை மாட்டிப் பார்க்க ஒரு மிஷின் வேண்டுமே. யார் கொடுப்பார்கள்? அருள்புரம் அப்புசாமி கொடுத்தார். தோட்டத்தை ஒட்டி ஓட்டுக் கொட்டகை போட்டு, அதில் நான்கு மிஷின் ஓட்டிக்கொண்டிருந்த மனிதர். ஊசி உடைந்தது தெரியாமல் ராத்திரி முழுக்க ஓடி, ஒரு லோடு துணி அப்படியே திரும்பி வந்த எரிச்சலில் இருந்தார். “கொண்டாந்து மாட்டுங்க தம்பி, என்னதான் ஆகுதுன்னு பாத்துப்போடலாம்” என்றார்.

என்ன ஆனது? பெரிய கூத்தானது. முதல் கேமரா எதைக் கண்டாலும் மிஷினை நிறுத்தியது. பூச்சி பறந்தால் நிறுத்தியது, பஞ்சுத் தூசி ஒட்டினால் நிறுத்தியது, அப்புசாமி வெள்ளை வேட்டியோடு அந்தப் பக்கம் போனால்கூட நிறுத்தியது. அந்த மாதம் முழுக்க மனிதர் லுங்கி கட்டிக்கொண்டுதான் கொட்டகைக்குள் வந்தார். ஒரு நாளாவது ‘இதைக் கழற்றிக்கொண்டு போங்க’ என்று சொன்னாரா என்றால், இல்லை. வேறொருவராக இருந்தால் கேமராவையும் ஆளையும் சேர்த்து ரோட்டில் வைத்திருப்பார். பொங்கியண்ணனும் கூப்பிட்டபோதெல்லாம் ஓடினார். ஒரு வழியாகக் கேமராவுக்குப் புத்தி வந்தது.

அந்த வருடம் ஆயுத பூஜை வந்தது. இந்த ஊரில் ஆயுத பூஜை என்றால் மிஷினை விற்றவர், பழுது பார்ப்பவர், ஊசி கொடுப்பவர் எல்லோரையும் கூப்பிட்டு முன்னால் நிறுத்தித்தான் சூடம் காட்டுவார்கள். பொங்கியண்ணனும் போயிருந்தார். அப்புசாமியின் மனைவி சின்னாத்தாள் சந்தனக் கிண்ணத்தோடு ஒவ்வொரு மிஷினாகப் பொட்டு வைத்துக்கொண்டு வந்தார். கேமராவிடம் வந்ததும் கை நேராகக் கண்ணாடிக்குப் போனது.

“அக்கா, அக்கா, கண்ணாடில வேண்டாங்க” என்று பொங்கியண்ணன் பாய்ந்தார்.

“அப்பறம் எங்கீங்க தம்பி வெக்கறது? மத்ததுக்கெல்லாம் வெச்சுப்போட்டு இத மட்டும் உட்டா நல்லாவா இருக்கும்?”

நியாயமான கேள்விதான். அடுத்த வாரமே பொங்கியண்ணன் பித்தளைத் தகட்டில் பழைய எட்டணாக் காசு அளவுக்கு ஒரு வட்டம் வெட்டி, கேமராவின் தலையில் பதித்துக் கொண்டுவந்து காட்டினார். சின்னாத்தாளுக்கு முகமெல்லாம் சிரிப்பு. அதற்குப் பிறகு அவர் செய்த ஒவ்வொரு கேமராவின் உச்சியிலும் அந்தப் பித்தளை வட்டம் இருந்தது. அருள்புரத்திலும் பல்லடத்திலும் வாங்குகிறவர்கள் விளக்கைப் பார்த்தார்களோ இல்லையோ, ‘பொட்டு வெக்கற எடம் இருக்குதுங்களா’ என்று பார்த்துத்தான் வாங்கினார்கள்.

ஐந்தாறு வருடம் நன்றாகத்தான் போயிற்று. பிறகு ஒரு சங்கடம் தலைகாட்டியது. கெட்டுப்போகாத பொருளைச் செய்துவிட்டால் வாங்கியவரே திரும்ப வாங்க வரமாட்டார். வாங்க வேண்டிய சின்ன ஆட்கள் எல்லோரும் வாங்கியாகிவிட்டது. அவர்களிடமிருந்து போன் வரும், டீயும் வரும், அன்பும் வரும். ஆர்டர் வராது. ஷெட்டில் வேலை பார்த்த மூன்று பேரும் மதியத்துக்கு மேல் கேரம் விளையாடினார்கள். புது ஆட்களைப் பிடிக்காவிட்டால் ஷெட்டை மூடிவிட்டுப் பழையபடி சர்வீஸ் பையைத் தூக்க வேண்டியதுதான் என்பது பொங்கியண்ணனுக்குத் தெளிவாகத் தெரிந்தது.

புது ஆட்கள் என்றால் எக்ஸ்போர்ட் கம்பெனிகள். ஒரே கூடத்தில் வரிசையாக மிஷின் போட்டு ஓட்டுகிறவர்கள். கண்காட்சியில் ஒரு ஸ்டால் எடுத்துக் கேமராவை வைத்தார். கழுத்தில் அடையாள அட்டை தொங்கவிட்ட இளவட்டம் ஒன்று வந்து பித்தளையைத் தட்டிப் பார்த்து, “என்ன சார், குத்துவிளக்குல கேமரா வெச்சிருக்கீங்க” என்று சிரித்தது. கூட வந்ததுகளும் சிரித்தன. பொங்கியண்ணனுக்குச் சுருக்கென்றது.

அதே சூட்டோடு உட்கார்ந்து புது மாடல் செய்தார். கறுப்புப் பெயிண்ட், மெலிந்த உடம்பு, எழுத்து ஓடுகிற சின்னத் திரை. பித்தளை போயிற்று. பழைய கேமராவில், அவசரத்துக்கு அதை அணைத்துவிட்டு மிஷினை மட்டும் ஓட்ட ஒரு சுவிட்ச் இருந்தது. பெரிய கம்பெனிகளில் ஆபரேட்டர்கள் அதைத் தட்டிவிட்டுத் தூங்கிவிடுவார்களாம், அதனால் அதுவும் போயிற்று. அதற்குப் பதிலாக, கண்ணாடியை யாராவது மறைத்தால் மிஷின் கிளம்பவே கிளம்பாது என்று ஒரு ஏற்பாடு. அதைச் சொல்லும்போது அவருக்கு அப்படி ஒரு பெருமை.

அந்தப் பெருமையைக் கேட்டு ஒரு கம்பெனி அசைந்தது. அங்கே நிட்டிங் பிரிவு முழுக்க அனுசுயாவின் பொறுப்பு. ராமநாதபுரம் பக்கமிருந்து பிழைக்க வந்த டெய்லர் ஒருவரின் மகள். துணி செக்கிங்கில் தொடங்கி மேலே வந்தவர், லேசில் எதையும் நம்பமாட்டார். “சார், ஸ்டால்ல எல்லாக் கேமராவும் நல்லாத்தான் ஓடும். எங்கயாவது ரெண்டு மாசம் ஓடுன எடத்தக் காட்டுங்க. பாத்துட்டு எங்க மிஷின் எல்லாத்துக்கும் சொல்றேன்” என்றார்.

புது மாடல் எங்கே ஓடுகிறது? எங்கும் ஓடவில்லை. பொங்கியண்ணன் நேராக அருள்புரத்துக்கு வண்டியை விட்டார்.

“பழசே நல்லாத்தானுங்க ஓடுது” என்றார் அப்புசாமி.

“எனக்காவ மாட்டிக்குங்கண்ணா. அந்தக் கம்பெனிக்காரங்க வந்து பாக்கறவரைக்கும்.”

அப்புசாமி எழுந்துபோய் மிஷின்களை நிறுத்தினார். நான்கு பழைய கேமராவும் இறங்கின, நான்கு புதிது ஏறின. ஒரே மத்தியானத்தில் மாட்டிவிட்டுப் போன பொங்கியண்ணன் அதற்குப் பிறகு அந்தப் பக்கம் தலை வைக்கவில்லை. வேண்டுமென்று செய்யவில்லை. காலையில் ஒரு கம்பெனி வரவேற்பறை, மாலையில் இன்னொரு கம்பெனி வரவேற்பறை என்று காத்துக் கிடந்தார். புது மாடலில் சிவப்பு விளக்கைப் பின்பக்கம் வைத்துவிட்டார். அது ஆபரேட்டர் நிற்கிற இடத்திலிருந்து தெரியவில்லை என்று அப்புசாமி போன் செய்தார். “நாளைக்கு வர்றனுங்கண்ணா” என்றார் பொங்கியண்ணன். அப்புறம் ஒரு போன், அதற்கும் நாளைக்கு. முன்பெல்லாம் போனை வைப்பதற்குள் அவர் வண்டிச் சத்தம் கேட்கும். இப்போது நாளைகளாக வந்துகொண்டிருந்தன. மிஷின் ஓட்டுகிற முனீஸ் பொறுத்துப் பார்த்துவிட்டு, ஒரு பழைய மோட்டார் சைக்கிள் கண்ணாடியைக் கம்பியில் கட்டித் தொங்கவிட்டு அதில் விளக்கைப் பார்த்துக்கொண்டார்.

அந்த ஆயுத பூஜைக்கு அப்புசாமி வழக்கம்போலக் கூப்பிட்டார். பொங்கியண்ணன் போகவில்லை. முதல் முறையாகப் போகவில்லை. புது வேட்டி கட்டிக்கொண்டு பெரிய கம்பெனிகளுக்கு வரிசையாகப் போனார். ஓரிடத்தில் வாட்ச்மேன் அவருடைய கார்டை வாங்கிக்கொண்டு பொரிப் பொட்டலத்தைக் கையில் கொடுத்து, “எம்.டி. பூஜையில இருக்காருங்க, கெளம்புங்க” என்றார். அடுத்த இடத்தில் கார்டையும் வாங்கவில்லை. சாயங்காலம் வண்டிப் பெட்டி நிறையப் பொரியோடு வீடு திரும்பினார். அனுசுயாவிடமிருந்து மட்டும் போன் வந்திருந்தது. காலையில் பல்லடம் போகிற வழியில் அருள்புரத்தில் பார்த்துவிடலாம் என்று சொன்னார். அந்த ஒரு போனில் பொங்கியண்ணனுக்குப் பொரியெல்லாம் இனித்தது.

காலையில் போனை எடுத்துப் பார்த்தபோது அப்புசாமி பலமுறை கூப்பிட்டிருந்தது தெரிந்தது. எப்படியும் அங்கேதானே போகிறோம் என்று கிளம்பிவிட்டார். அவருடைய வண்டியும் அனுசுயாவின் காரும் ஒன்றாகத்தான் கொட்டகை வாசலில் நின்றன.

உள்ளே சத்தமே இல்லை. பூஜைக்கு மறுநாள் சூடம் காட்டி மிஷினை ஓட விடுகிற நேரம் அது. நான்கு மிஷினும் மாலையோடு கம்மென்று நின்றன. மோட்டார் சைக்கிள் கண்ணாடியில் சிவப்பு விளக்கு எரிவது தெரிந்தது. பொங்கியண்ணன் குனிந்து பார்த்தார். நான்கு கேமராவிலும் கண்ணாடிக்கு நட்டநடுவில் வட்டமாகச் சந்தனம், அதன்மேல் குங்குமம். நன்றாகக் காய்ந்து இறுகியிருந்தது.

சட்டென்று நிமிர்ந்தார். “அக்கா, என்னுங்க இது?”

“நேத்து வருவீங்க வருவீங்கன்னு சூடத்தப் பத்த வெக்காம பாத்துட்டே இருந்தோம் தம்பி” என்றார் சின்னாத்தாள். அவர் குரலில் கோபம் இல்லை. “நீங்க வரல. இதுல பொட்டு வெக்கற எடத்தத் தேடித் தேடிப் பாத்தேன், காணோம். கண்ணு ஒண்ணுதான் வட்டமாத் தெரிஞ்சுது. அங்க வெச்சுப்போட்டேன்.”

பொங்கியண்ணன் கைக்குட்டையை எடுத்தார்.

“தொடைக்காதீங்க கண்ணு. பூசைக்கு வெச்ச பொட்டு. மிசினு நாலு சுத்து சுத்தட்டும், அப்பறமாத் தொடைங்க.”

சிக்கல் இங்கேதான். பொட்டைத் துடைக்காமல் மிஷின் ஓடாது. மிஷின் ஓடாமல் பொட்டைத் துடைக்கக் கூடாது. கேமராவை அணைத்துவிட்டு ஓட்டலாம் என்றால் அந்தச் சுவிட்சை எடுத்த புண்ணியவானும் அவரேதான். அனுசுயா ஒரு பக்கம் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். மெதுவாக அந்த மோட்டார் சைக்கிள் கண்ணாடியைத் தொட்டு, “இது எதுக்குண்ணே?” என்று முனீஸைக் கேட்டார்.

“லைட்டு பின்னாடி இருக்கு மேடம். நிக்கிற எடத்துல இருந்து தெரியல, அதான் கட்டுனேன்” என்று முனீஸ் உள்ளதைச் சொன்னார்.

பொங்கியண்ணனின் காது இரண்டும் சுட்டன. அப்போது அப்புசாமி நூல் பெட்டிகள் அடுக்கியிருந்த மூலைக்குப் போனார். பனியன் வேஸ்ட் துணி விரித்த பலகையில் அந்த நான்கு பழைய கேமராவும் வரிசையாக உட்கார்ந்திருந்தன. தூசி தட்டித் துடைத்திருந்தது. நான்கின் தலையிலும், பித்தளை வட்டத்தில், நேற்று வைத்த பொட்டு.

“இதுகளுக்குமா வெச்சீங்க?” என்றார் பொங்கியண்ணன்.

“இத்தன வருசம் ஒழைச்சதுங்க. மாட்டாம இருந்தா உட்ற முடியுமுங்களா?” என்றார் சின்னாத்தாள்.

பழைய ஆட்களை விட்டுவிட்ட தன்னைத்தான் சொல்கிறாரோ என்றுகூடப் பொங்கியண்ணன் நினைத்தார். சின்னாத்தாள் அப்படியெல்லாம் சுற்றி வளைத்துப் பேசத் தெரிந்தவர் இல்லை. அதனால்தான் இன்னும் வலித்தது. பொங்கியண்ணன் ஸ்பேனரை எடுத்துப் புதியதைப் பொட்டோடு கழற்றி, பழையதை மாட்டினார். கம்பியும் ஒயரும் அப்படியே பொருந்தின. சூடம் காட்டினார்கள். முனீஸ் பொத்தானை அழுத்தினார். முதல் மிஷின் தடதடவென்று சுற்றியது. இப்படியே நான்கிலும் ஆயிற்று. அதற்குப் பிறகு புதியவற்றின் கண்ணைத் துடைத்து மறுபடி மாட்டினார். ஓடத்தான் செய்தன. அனுசுயா ஓடுகிற துணியில் ஊசி முனையால் ஓட்டை போட்டுப் பார்த்தார். ஒவ்வொரு தடவையும் சட்டென்று நின்றது.

“கேமரா நல்லாருக்கு” என்றார். பிறகு அப்புசாமி பக்கம் திரும்பினார். “அய்யா, ஒண்ணே ஒண்ணு கேக்கணும். ரிப்பேர்னு கூப்புட்டா சார் வருவாரா?”

பொங்கியண்ணன் அப்புசாமியின் முகத்தையே பார்த்தார். ஷெட், ஆட்கள், மகள் பெயர் போட்ட பலகை எல்லாம் அந்த மனிதரின் வாயில் வந்து நின்றுகொண்டிருந்தன. ஆமாங்க என்று ஒரு வார்த்தை போதும்.

அப்புசாமி துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். “அஞ்சாறு வருசம், கூப்புட்ட ஒடனே வந்தாருங்க. இப்ப ரெண்டு மாசமா வர்றதில்லீங்க.”

“ஏன்?”

“உங்களாட்டம் பெரிய கம்பெனிக்குப் போயிட்டிருக்காருங்க” என்றார். ரொம்ப மரியாதையாகத்தான் சொன்னார்.

அனுசுயா சிரிக்கவில்லை. “அப்ப நாங்க வாங்குனதுக்கப்புறம், எங்களவிடப் பெரிய கம்பெனி கெடைச்சா எங்களுக்கும் நாளைக்குத்தானா சார்?” என்று கேட்டார். யோசித்துச் சொல்கிறேன் என்று கார் ஏறிப் போய்விட்டார்.

கார் போன பிறகு பொங்கியண்ணனுக்கு ஆத்திரம் பொங்கிக்கொண்டு வந்தது. வெளியே போய்த் தண்ணீர்த் தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்தார். அப்புசாமி பின்னாலேயே வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

“ஏனுங்கண்ணா, ஒரு வார்த்த. வருவாருன்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கப்படாதா? அந்த ஆர்டர் எனக்கு எப்பேர்ப்பட்டதுன்னு உங்களுக்குத் தெரியாதா?”

“தெரியுங்க தம்பி. நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு” என்றார் அப்புசாமி. கொஞ்ச நேரம் தொட்டித் தண்ணீரைக் கையால் அளைந்துகொண்டிருந்தார். “பொய் சொல்லியிருந்தா அந்தப் புள்ள வாங்கியிருக்கும். அதுக்கப்பறம் நீங்க இந்தப் பக்கமே வந்திருக்க மாட்டீங்க.”

அப்புசாமி பயந்திருக்கிறார் என்பது அப்போதுதான் பொங்கியண்ணனுக்கு விளங்கியது. வேட்டியை விட்டு லுங்கி கட்டிக்கொண்டு ஒரு மாதம் தாங்கிய மனிதர், இவர் தன்னைக் கைவிட்டுவிடுவாரோ என்று இரண்டு மாதமாக உள்ளுக்குள் பயந்துகொண்டு இருந்திருக்கிறார். ஆத்திரம் போன இடம் தெரியவில்லை. வெட்கமாக இருந்தது. எழுந்து உள்ளே போய், புதுக் கேமராக்களைப் பிரித்துச் சிவப்பு விளக்கை முன்பக்கம் மாற்ற ஆரம்பித்தார். சின்னாத்தாள் மதியம் சோறு போட்டார். பொழுது சாய்கிறபோது முனீஸ் கம்பியில் இருந்த கண்ணாடியை அவிழ்த்துத் தன் சைக்கிளில் மாட்டிக்கொண்டு போனார்.

அனுசுயாவின் போன் தீபாவளி கழித்து வந்தது. எல்லா மிஷினுக்கும் இல்லை, முதலில் ஒரு வரிசைக்கு மட்டும் என்றார். ஒரு வருடம் கூப்பிட்டபோதெல்லாம் வந்தால் மீதியைப் பற்றிப் பேசலாம் என்றார். பொங்கியண்ணன் சரி என்று சொல்லிவிட்டு, “ஒண்ணு சொல்லிப்போடறனுங்க. எங்க பழைய ஆளுங்க முன்னாடி கூப்புட்டா அங்க போயிட்டுத்தான் வருவேன்” என்றார். “சரி சார். நாங்களும் ஒரு நாள் பழைய ஆளாயிருவோம்ல” என்றார் அனுசுயா. ஷெட்டில் கேரம் பலகை சுவரில் சாய்ந்தது. கறுப்பு உடம்பு கறுப்பாகவே இருக்கட்டும் என்று விட்டுவிட்டு, உச்சியில் மட்டும் பித்தளை வட்டத்தைத் திரும்ப வைத்தார், அருள்புரத்து நான்கிலும்கூட. அது பார்க்கக் கொஞ்சம் பொருத்தமில்லாமல்தான் இருந்தது. கம்பெனியில் எவனோ சிரித்தானாம். சிரிக்கட்டும் என்று விட்டுவிட்டார்.

அடுத்த ஆயுத பூஜை அன்று அந்தக் கம்பெனியிலிருந்து கார் அனுப்புகிறோம் என்று போன் வந்தது. மத்தியானத்துக்கு மேல் வருகிறேன் என்று சொல்லிவிட்டு, விடிந்ததும் அருள்புரம் போனார். சூடம் பற்ற வைக்காமல் தட்டு காத்திருந்தது. அப்புசாமி வெள்ளை வேட்டியோடு வாசலில் நின்றுகொண்டிருந்தார். சின்னாத்தாள் மிஷின்களுக்கெல்லாம் பொட்டு வைத்து முடித்துவிட்டு, கேமராக்களிடம் வந்ததும் சந்தனக் கிண்ணத்தைப் பொங்கியண்ணன் கையில் கொடுத்தார்.

“இதுகளுக்கு நீங்களே வெச்சுப்போடுங்க தம்பி” என்றார்.